மூடுபனிக்கு விலை

வேர் என்று எழுதிவிட்டேன், அதற்கு மேல் ஓடவில்லை. அட்டை சின்னது, உள்ளங்கை அளவு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை ரிஸ்வானா வெட்டிக் கொடுத்தது. திருப்பினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிப் பெயரும் பிள்ளையாரின் தும்பிக்கையும் தெரிகின்றன. பிள்ளையார் இருப்பதால் தரையில் வைக்க மனசு வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்து, பக்கத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி, கீரையை உருவுவதும் பேனாவை எடுப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். நாலு அட்டை, நாலு சக்தி. பிள்ளைகள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும். ஞாயிறுதோறும் என் மகள் மிருதுளாவும் அவள் சிநேகிதர்களும் எங்கள் வீட்டு ஹாலில் ஆடுகிற ஆட்டத்துக்கு. பலகை கிடையாது, காய் கிடையாது. ரிஸ்வானா கதை சொல்வாள், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள், தாண்ட முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள். ஒரு வருஷமாகச் சமையற்கட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஒருநாள் கதைக்குள் அவர்கள் பாழடைந்த ஊருக்குள் போய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போக, கரண்டியோடு ஓடிவந்து, "அந்தத் தண்ணியக் குடிச்சுப்போடாதீங்க, அங்க ஒரு காக்கா கூட இல்லைன்னு இப்பத்தான அந்தப் புள்ள சொல்லுச்சு" என்று கத்திவிட்டேன். அவர்களோடு ஆடுகிற ஜெரால்டு சோபாவிலிருந்து உருண்டே விழுந்தான். ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி சொன்னது சரி, அது விஷம்" என்றாள். போன வாரம் அவர்களில் ஒருத்தி வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள், இடம் காலி, "ருக்குமணி ஆன்ட்டி, நீங்க வாங்க" என்று ரிஸ்வானா செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். நான் வனக்காரியாம். செடி கொடி, மழை, பூச்சி எல்லாம் என் பேச்சைக் கேட்குமாம். "புத்தகத்துல இருக்குற மந்திரம் வேண்டாங், நீங்களே உண்டாக்குங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் விலை எழுதணும். சக்தியப் போட்டா உங்க கேரக்டர் எதையாவது இழக்கணும், வலிக்கணும். சும்மா வர்ற சக்தி எங்க ஆட்டத்துல செல்லாது." எட்டாவதோடு நின்ற எனக்கு இப்படி ஒரு பரீட்சை. மிருதுளா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அவளிடம் கேட்கலாம். கேட்டால் வேறு பேச்சு வந்துவிடும்.

வேர். எந்த வேர்? எனக்குக் காடு தெரியாது. எனக்குத் தெரிந்த வேர் சமையற்கட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வெடிப்பில் முளைத்திருக்கிற அரசஞ்செடியின் வேர்தான். மூன்று முறை பிடுங்கியாயிற்று. கொத்தனார் சிமெண்ட் பூசினார், ஆசிட் ஊற்றினார், "இனி வராதுங்கக்கா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி இரண்டு இலை, செம்பு நிறத்தில், குழந்தையின் காது மாதிரி. இலை இரண்டுதான், ஆனால் உள்ளே வேர் எதுவரை போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும். சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கும். கீழ்வீட்டுக்காரர்களின் பூஜை அறைக்குப் பின்னால், அதற்கும் கீழே மோட்டார் ரூமுக்கு, அப்புறம் சாக்கடைக்கு அடியில், சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி இறங்கி ஊதாவாகிப்போன மண்ணுக்குள், பல்லடம் ரோட்டுக்கு அடியில் லாரிகள் மேலே அதிர அதிர, ஒரு மயிரிழை தடிமனில், யாருக்கும் தெரியாமல், தெற்கே தெற்கே போய், பொள்ளாச்சி தாண்டி, மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் தயங்கி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து ஏறி, தேயிலைக்கு அடியில், அட்டைப்பூச்சி ஊர்கிற சருகுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். பாசி பிடித்த பாறை, தண்ணீர் சத்தம், இருட்டு, ஒரு கால் வழுக்கும். அப்போது மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். எழுதினேன். வெருகு வழுக்கும் இடத்தில் வேர் வந்து காலைப் பிடிக்கும். வெருகு என்பது மிருதுளாவின் கேரக்டர், காட்டுப்பூனை மாதிரி சத்தமில்லாமல் முன்னால் போய் வழி பார்த்துவிட்டு வருகிறவள். விலை: ஒவ்வொரு தடவையும் ஒரு நகம் உதிரும். என் நகம்தான். இருபது இருக்கின்றன, போதும். போதுமா? காட்டில் எத்தனை தடவை வழுக்கும்? நகம் திரும்ப முளைக்குமே. ஆனால் முளைப்பதற்குள் வழுக்கினால்? பேனாவை மூடிவைத்துவிட்டுக் கீரைக் காம்பைப் பிடித்தேன்.

மிருதுளாவுக்குக் கிடைத்திருப்பது தவளை எண்ணுகிற வேலை. அதைக் கேட்டதும் எதிர்வீட்டு நாகம்மணி அக்கா, "தவளைய எண்ணறதுக்கா இத்தன படிப்புப் படிக்க வெச்ச? நம்ம சாக்கடையில நெறைய இருக்குது, இங்கயே எண்ணச் சொல்லு" என்றாள். நான் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வால்பாறைக்கும் அக்கட்ட, சோலைக்காட்டுக்குள் ஒரு கொட்டகை, நாலைந்து பேர் தங்குகிற இடம். தவளை பகலில் கத்தாது, ராத்திரிதான் போக வேண்டும், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ஓடைக்குள் நின்று எண்ண வேண்டும் என்று மிருதுளா ஏதோ கல்யாண மண்டபத்துக்குப் போவது போலச் சொன்னாள். அவள் அப்பா, "உங்கம்மாளக் கேளு" என்று நழுவிவிட்டார். நான், "பாக்கலாம்" என்றேன். அப்புறமும் பாக்கலாம் என்றேன். நேற்று அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழமை ராத்திரிக்குள்ள பதில் அனுப்பணும்மா. நீ வேண்டாம்னா போகல, சத்தியமா போகல. ஆனா பாக்கலாம்னு சொல்லாத. சரின்னு சொல்லு, இல்ல வேண்டாம்னு சொல்லு" என்றாள். அடம்பிடித்திருந்தால் நானும் அடம்பிடித்திருப்பேன். எனக்கு அது வரும். அவள் முடிவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. இதோ ஞாயிற்றுக்கிழமை, இதோ கீரை. யானை வரும். யானை வருவதே தெரியாதாம், அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே இருக்காதாம், பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வாசம் தெரியுமாம். யார் சொன்னது? பஸ்ஸில் யாரோ. பஸ்ஸில் யாரோ சொல்வதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறேன், நல்லது சொன்னால் மட்டும் நிற்பதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துப் பார்த்து என் கண் அப்படி ஆகிவிட்டது. கண்ணாடி மேஜை, அடியில் டியூப்லைட், துணி மேலே ஓடும். நல்ல துணி கண்ணில் படவே படாது, அது பாட்டுக்குப் போய்விடும். ஓட்டை வந்தால் மட்டும் கை தானாக நிற்கும். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். அவள் தூங்கும்போது மூச்சில் ஓட்டை தேடுவேன். போனில் 'ம்' என்றால் அந்த 'ம்'மை விளக்குக்கு மேலே இழுத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது அட்டை. எறும்பு. சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாலிருந்து வருகிற சிவப்பெறும்பு வரிசை, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாலும் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒன்றையொன்று முட்டி என்னவோ சொல்லிக்கொள்கின்றன. நான் சொன்னால் கேட்குமா? வனக்காரி சொன்னால் கேட்கும். குனிந்து மெல்லச் சொல்லுவேன், முதல் எறும்பு நின்று தலையைத் தூக்கும், இரண்டாவதிடம் சொல்லும், அது அடுத்ததிடம், சேதி சுவர் ஏறி, மாடி ஏறி, தந்திக் கம்பி வழியாக ஊர் விட்டு ஊர் போகும், போகப் போக எறும்புகள் பெருகும், மண்ணிலிருந்து, மரப்பொந்திலிருந்து, பூட்டிக் கிடக்கும் மில்களின் இயந்திரங்களுக்குள்ளிருந்து, ஒரு நதி போல, சிவப்பாக, சத்தமே இல்லாமல், இல்லை, கேட்க முடிந்தால் மெல்லிய சத்தம் இருக்கும், பட்டுப்புடவை மடிப்பது போல. அந்த நதி ஓடைக்கரைப் பாதையில் போய்ப் பரவிப் படுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒருவரும் கால் வைக்க முடியாது. எழுதினேன். வெருகு தனியாகப் போகும் பாதையில் எறும்பு பரவி வழி மறிக்கும். விலை: வனக்காரியின் நாக்கில் இனிப்பு தெரியாமல் போகும். எழுதும்போதே நாக்கு ஒரு மாதிரி மரத்துப்போனது. பரவாயில்லை, சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. விலை எழுதுவது எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. முடி, பல், ருசி, தூக்கம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ரிஸ்வானா ஏன் அதைப் பெரிய விஷயமாகச் சொன்னாள் என்று புரியவில்லை.

அடுத்தது பனி. பனியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து வேன் பிடித்து எல்லோருமாக மலைக்குப் போனபோது. மிருதுளாவுக்கு அப்போது பால்பல் விழவில்லை, சிவப்பு ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குள்ளே மஞ்சள் கவுன். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கினோம், கீழே பள்ளத்தாக்கு என்றார்கள், பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெள்ளை. அந்த வெள்ளை மேலே வந்தது. வந்து ரோட்டைத் தொட்டது, வேனைத் தொட்டது, என் கையைத் தொட்டது, கையில் இருந்த பிஞ்சு விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. மிருது. மிருது. எந்தப் பக்கம் கூப்பிடுவது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஓடினால் மிதித்துவிடுவேனோ, ஓடாவிட்டால் விழுந்துவிடுவாளோ. அப்போது பனிக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. நாலாபக்கமும் கேட்டது, சிரிப்புக்கு இடமே இல்லாத மாதிரி. பயந்த சிரிப்பு இல்லை அது. சொன்னால் யாரும் நம்புவதில்லை, வீட்டில், தொட்டிலில், என் மடியில் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பனி விலகியபோது ஐந்தாறு அடி தள்ளி நின்றுகொண்டு இரண்டு கையாலும் காற்றைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வாரி எடுத்து, ஒரு அடி வைத்து, அப்புறம் முத்தம் கொடுத்தேன். வேனில் வரும்போது முழுக்கவும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது, பள்ளம் வருவதில்லை. பயம் எங்கே போயிற்று? போகவில்லை, இதோ கீரையோடு விரலில் ஒட்டியிருக்கிறது. பழுத்த இலையைத் தனியே போடு. பனி என் பேச்சைக் கேட்டால் என்ன செய்யச் சொல்வேன்? எழுதினேன், பேனா நிற்கவே இல்லை. வெருகு மூடுபனிக்குள் போனால், எவ்வளவு தூரம் நடந்தாலும், பனி விலகும்போது புறப்பட்ட இடத்திலேயே, வனக்காரியின் முன்னால் வந்து நிற்பாள். நன்றாக இருக்கிறது. எனக்கே நன்றாக இருக்கிறது. அவளுக்குத் திருப்பியதே தெரியாது, நேராகத்தான் நடந்திருப்பாள், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனி அப்படித்தான், யார் என்ன செய்ய முடியும். இவ்வளவு பெரிய சக்திக்குப் பெரிய விலை வேண்டும். வனக்காரியின் கண் மங்கிப்போகும் என்று எழுதினேன். செக்கிங் மேஜையை விட்டு வந்தாயிற்று, இனிக் கண் எதற்கு.

நாலாவது அட்டை வெள்ளையாக இருக்கும்போதே காலிங்பெல் அடித்துவிட்டது. கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு ஓடி, சேலையில் கையைத் துடைத்து, கதவைத் திறந்தால் ஜெரால்டு மூக்கை உறிஞ்சுகிறான். "என்ன ஆன்ட்டி, பஜ்ஜி வாசமே காணோம்? ஆட்டத்துக்கு வந்ததும் சமையல ராஜினாமாவா?" "வனக்காரி எங்கயாச்சும் பஜ்ஜி போடுவாளா? பச்ச முருங்கக்கீர இருக்குது, திங்கறயா?" என்றேன். ரிஸ்வானா சிரித்தாள். மிருதுளா அறையிலிருந்து வந்து, முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பார்த்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பகடைகள் பாய் மேல் கொட்டின, பச்சை, ஊதா, உள்ளே மின்னுகிறது. ரிஸ்வானா என் அட்டைகளை வாங்கி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள், வேர், நகம் உதிரும் என்றதும் ஜெரால்டு, "ஐயோ, பயங்கரம், சூப்பர்" என்றான். எறும்பைப் படித்தாள். "ஆன்ட்டி, அந்த எறும்ப எனக்குக் குடுங்க, எங்க ஹாஸ்டல் வார்டன் ரூமுக்கு அனுப்பணும்" என்றான் அவன். பனியைப் படிக்கும்போது அவள் குரல் மெதுவாயிற்று. மூன்றையும் விசிறி போல விரித்துப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்குதுங் ஆன்ட்டி. இந்தப் பனி எனக்குத் தோணவே தோணாது. ஆனா..." என்று நிறுத்தினாள். ஆனா என்றதும் என் கை நின்றுவிட்டது. "மூணும் வெருகு மேலயே இருக்குது. எதிரி மேல ஒண்ணும் இல்ல, உங்களக் காப்பாத்திக்க ஒண்ணும் இல்ல. இன்னொருத்தர் கேரக்டர் மேல சக்தியப் போடணும்னா அவங்க ஒத்துக்கணும், அது இந்த ஆட்டத்துப் பழக்கம். இவன் ஒருக்கா வெளையாட்டுக்கு வெருகத் தூங்க வெக்கப் பார்த்தான், மிருது பகடையத் தூக்கி அடிச்சுட்டா." "தழும்பு இன்னும் இருக்குது" என்று ஜெரால்டு நெற்றியைக் காட்டினான். எனக்குக் காது சுட்டது. மூன்று அட்டையையும் எழுதும்போது வெருகு வெருகு என்று என் கைதான் எழுதியது, ஆனால் நான் காட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் துணியை விளக்குக்கு மேலே இழுத்துக் காட்டிவிட்டாள் இந்தப் பெண்.

"மிருது, உனக்குச் சம்மதமா?" என்று ரிஸ்வானா கேட்டாள். மிருதுளா கையை நீட்டி அட்டைகளை வாங்கினாள். இப்போது அடிப்பாளா, எழுந்து அறைக்குள் போவாளா, இல்லை அந்தச் சிரிப்பில்லாத சிரிப்பைச் சிரிப்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வேர் சரி. வழுக்குனா மட்டுந்தான? சம்மதம்" என்று அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "எறும்பு வேண்டாம்மா. நான் வழி பாக்கறவ. வழிய மறிச்சா அப்பறம் நான் எதுக்கு?" அது என் பக்கம் வந்தது. பனியைத் திரும்பப் படித்தாள். உதடு அசைந்தது. சின்ன வயசில் எழுத்துக் கூட்டும்போது அசைந்த மாதிரியே. கோபமாக ஏதாவது சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன் என்று காலை மடக்கி உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தபோது கண்ணில் கோபமே இல்லை, என்னவோ கணக்கு இடிக்கிற மாதிரி ஒரு குழப்பம்தான். "அம்மா, இதுக்கு வெல உன்ற கண்ணு மங்கறதா?" "ஆமா." "அப்ப நான் திரும்பி வந்து முன்னால நிக்கறப்ப, உனக்கு என்னையத் தெரியாதே."

நான் அட்டையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். எல்லாத் துணியிலும் ஓட்டை பிடிக்கிறவள், இதைப் பார்க்கவில்லை. வெள்ளையாக ஒரு உருவம் முன்னால் நிற்கிறது, பனி விலகிவிட்டது, ஆனால் எனக்கு விலகவில்லை, மிருது மிருது என்று கையை நீட்டித் தடவுகிறேன், மூக்கு, கன்னம், கொண்டை, அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா, திரும்பி வந்ததற்கு அவள் முகம் எப்படி ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியவே போவதில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பது. அந்த அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, பிள்ளையாரைக் கிழிக்க மனசில்லாமல், மடித்து மட்டும் வைத்தேன். "இது வேண்டாங்கண்ணு. இன்னொண்ணு எழுதலைங் ரிஸ்வானா. வாயால சொல்லட்டுமா?" "சொல்லுங்க ஆன்ட்டி." என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் ஆரம்பித்தேன். வெருகு எங்கோ தூரத்தில் நடந்து களைத்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால், எந்த மரமோ, பேர் தெரியாத மரம், அந்த மரத்து இலை ஒன்று வனக்காரியின் முன்னால் வந்து விழும். அவ்வளவுதான். ஈரமாக இருந்தால் அங்கே மழை. கிழிந்திருந்தால் காற்று. பச்சையாக இருந்தால் நன்றாக இருக்கிறாள். "அவ்வளவுதானா?" என்றான் ஜெரால்டு. "அவ்வளவுதாம் சாமி." ரிஸ்வானா பேனாவை எடுத்துக்கொண்டு, "இது வெருகு மேல இல்லீங் ஆன்ட்டி, உங்க மேலதான். யார் சம்மதமும் வேண்டியதில்ல. வெல என்ன?" என்றாள். நகம், முடி, ருசி எல்லாம் வாய்வரை வந்தன. தள்ளிவிட்டேன். "எலைய எடுத்துப் பாத்துட்டு, எந்திரிச்சு அங்க போகக்கூடாது. ஈரமா இருந்தாலும் கிழிஞ்சு இருந்தாலும் போகக்கூடாது. எங்க இருக்கறனோ அங்கயே இருக்கணும்." "எதுவரைக்கும்?" "அவளா வர்ற வரைக்கும்."

ரிஸ்வானா எழுதிக்கொண்டாள். "வலிக்கற வெலதான்" என்றாள். "சம்மதம்" என்றாள் மிருதுளா. "உன்னைய ஆரு கேட்டா?" என்றேன். "பரவால்ல, சொல்றேன். சம்மதம்." சொல்லிவிட்டு ஒரு பகடையை எடுத்து உருட்டினாள், யாரும் எண்ணைப் பார்க்கவில்லை. காடு ஆரம்பிக்கிறது என்று ரிஸ்வானா சொல்லத் தொடங்கினாள், பழைய மரப்பாலம், அக்கரையில் இருட்டு, வெருகு முதலில் காலை வைக்கிறாள், பலகை முனகுகிறது, வனக்காரி இக்கரையில் நிற்கிறாள். நான் நிற்கிறேன். கீழே தண்ணீர் சத்தம் கேட்கிறது. அவள் நடுப்பாலத்துக்குப் போய்விட்டாள், முதுகு தெரிகிறது, கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் தடுமாறுவாள், கூப்பிடக்கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மிணி, கனமான ஸ்வெட்டர் ஒண்ணுகூட இல்லையே உங்கிட்ட." ஜெரால்டு, "எதுக்குங் ஆன்ட்டி, வெருகுக்கா?" என்றான். "உனக்கொண்ணும் இல்ல, நீ சும்மாரு. இவளுக்குத்தான். அங்க மழைக்காலத்துல ராத்திரி ஓடைக்குள்ள நின்னா நடுங்காதா? நாளைக்கே போய் எடுத்துட்டு வந்தரலாம்." மிருதுளா பகடையைக் கையில் மூடிக்கொண்டாள். அப்புறம் நகர்ந்து, நகர்ந்து வந்து, என் முழங்கால் மேல் தன் முழங்கால் படும்படி உட்கார்ந்து, பகடையை என் கையில் வைத்து, "உருட்டும்மா. நான் பாலத்தத் தாண்டணுமில்ல" என்றாள்.